மரபணுவைத் தொடாமல் செர்ட்டோலி செல்: ஆய்வகம் எங்கே நிற்கிறது, உங்கள் தம்பிக்கு என்ன பயன்

கேள்வி கேட்டவர் ஓர் அண்ணன். தம்பியின் விந்தில் விந்தணுவே இல்லை. விந்தகத்தில் எடுத்த பயாப்ஸியின் முடிவில் ‘செர்ட்டோலி செல்கள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. விந்தணுவை வளர்த்தெடுக்கும் துணைச் செல்கள்தான் இந்தச் செர்ட்டோலி செல்கள். வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து, மரபணு மாற்றம் எதுவும் செய்யாமலே, விந்தகத்தின் துணைச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். மரபணு மாற்றம் இல்லாமல் என்றால் என்ன, அதில் அப்படி என்ன பெரிய விஷயம், தம்பிக்கு இதனால் குழந்தை பிறக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருப்பவர்களைக் கடைசிப் பத்தி வரை இழுத்தடிப்பது நியாயமில்லை. இன்றைய நிலையில் இந்த ஆராய்ச்சி உங்கள் தம்பிக்குச் சிகிச்சை ஆகாது. ஆனால் அவருடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்றே கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஆராய்ச்சியின் கதை. அதைத் தெரிந்துகொண்டால், நாளை யாராவது ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லும்போது எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

விந்தகத்துக்குள் மெல்லிய நுண்குழல்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரில், அடித்தளத்திலிருந்து குழலின் நடுவெளி வரை உயர்ந்து நிற்பவைதான் செர்ட்டோலி செல்கள். 1865இல் இத்தாலியரான என்ரிகோ செர்ட்டோலி இவற்றைக் கிளைவிட்ட செல்களாக விவரித்தார். விந்தணுவாகப் போகிற ஒவ்வோர் இனச்செல்லும் இவற்றின் மடிப்புகளுக்குள் பதிந்தபடியே அடியிலிருந்து மேல்நோக்கி நகர்கிறது. மனிதரில் அந்தப் பயணத்துக்குச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன. அத்தனை நாளும் எரிபொருளாக லாக்டேட் கொடுப்பதும், எப்போது பிரிய வேண்டும், எப்போது குரோமோசோம்களைப் பாதியாக்க வேண்டும் என்று சமிக்ஞை அனுப்புவதும், விந்தணு உதறிவிட்ட மிச்சங்களை விழுங்கிச் சுத்தம் செய்வதும் செர்ட்டோலி செல்தான். அடியில் இருக்கும் விந்தணு ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோகாமல் காக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதமும் முக்கியமாக இங்கிருந்து வருகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. விந்தணு பருவ வயதில்தான் தோன்றுகிறது. அதற்குள் நோய் எதிர்ப்பு அமைப்பு, எது தன்னுடையது எது அந்நியம் என்று கற்று முடித்திருக்கும். புதிதாக முளைத்த விந்தணுவை அது எதிரியாகவே பார்க்கும். பக்கத்துப் பக்கத்துச் செர்ட்டோலி செல்கள் இறுகப் பிணைந்து நிற்பதால்தான் ரத்தத்துக்கும் வளரும் விந்தணுவுக்கும் இடையே ஒரு தடுப்பு உருவாகிறது. இந்தச் செல்களின் எண்ணிக்கை பருவ வயதோடு ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு விந்தகம் அதன்பின் அதிகபட்சம் எவ்வளவு விந்தணு தர முடியும் என்பது அந்த எண்ணிக்கையில்தான் அடங்கியிருக்கிறது. குழல்களுக்கு வெளியே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களும், குழலைச் சுற்றிப் போர்த்தி அதைச் சுருக்கி விரிக்கும் தசை போன்ற செல்களும் இருக்கின்றன. துணைச் செல்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது இவையும் சேரும். ஆனால் கதையின் மையம் செர்ட்டோலிதான். ஏனென்றால் கருவில் ‘இது விந்தகம்’ என்று முதலில் முடிவெடுப்பது அந்தச் செல்.

விந்தகமாகவோ சினைப்பையாகவோ ஆகப்போகும் உறுப்புக்கு இனச்சுரப்பி என்று பெயர். கருவின் ஆறாவது வாரம் வரை மனிதக் கருவின் இனச்சுரப்பிக்கு ஆண் பெண் என்ற பேதம் கிடையாது. எக்ஸ்-ஒய் கருவானாலும் எக்ஸ்-எக்ஸ் கருவானாலும் ஒரே மாதிரியான இரு மேடுகள், வளரும் சிறுநீரகத்தை ஒட்டி எழும்பியிருக்கும். பிறகு ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு சிறிது காலம் விழிக்கிறது. 1990இல் லண்டனில் கண்டறியப்பட்ட மரபணு இது. அடுத்த ஆண்டே, எக்ஸ்-எக்ஸ் எலிக்கருவில் இதைச் சேர்த்தால் விந்தகம் வளர்கிறது என்று காட்டினார்கள். எஸ்ஆர்ஒய் செய்வது ஒரே காரியம்தான்: சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை எழுப்பிவிடுகிறது. சாக்ஸ்9 ஒருமுறை நிலைத்துவிட்டால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். அந்தச் செல் செர்ட்டோலி ஆகிவிடும். சுற்றியுள்ள செல்களையும் விந்தகமாக அமையச் சொல்லும்.

இந்த எழுப்புதல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறேன். எலிக்கருவில் எஸ்ஆர்ஒய் வேலை செய்வதற்கான வாய்ப்பு சுமார் 6 மணி நேரம்தான். அதைத் தவறவிட்டுப் பிறகு எழுந்தால் விந்தகம் ஒழுங்காக அமைவதில்லை. இரண்டாவது, 2018இல் வெளிவந்தது. சாக்ஸ்9 மரபணுவிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமான டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, 557 எழுத்து மட்டுமே நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. அது எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை; வெறும் ஸ்விட்ச். அதை மட்டும் நீக்கிய எக்ஸ்-ஒய் எலிகள் சினைப்பையோடு பெண்ணாகப் பிறந்தன. சாக்ஸ்9 மரபணு முழுதாக, பழுதில்லாமல் அங்கேயே இருந்தது. ஸ்விட்ச் இல்லாததால் அது எழவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஸ்விட்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு மாற்றம் செய்து உருவாக்குவதற்கும் செய்யாமல் உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாடு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆய்வகத்தில் செர்ட்டோலி செல்லை உருவாக்க முதலில் பிடித்த வழி, கட்டாயப்படுத்துவது. 2012இல் அமெரிக்காவில் ருடால்ஃப் யேனிஷின் ஆய்வகம் எலியின் இணைப்புத் திசுச் செல்களுக்குள் ஐந்து மரபணுக்களை வைரஸ் மூலம் ஏற்றியது: என்ஆர்5ஏ1, டபிள்யூடி1, டிஎம்ஆர்டி1, காட்டா4, சாக்ஸ்9. அந்தச் செல்கள் கருப்பருவச் செர்ட்டோலி செல்களைப் போல மாறின. 2019இல் மனிதச் செல்களில் என்ஆர்5ஏ1, காட்டா4 என்ற இரண்டு மட்டுமே போதும் என்று சீனாவிலிருந்து ஒரு குழு காட்டியது. இவை பெரிய சாதனைகள். ஒரு செல்லின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் எவை என்று தெளிவாகச் சொன்னவை இவைதான்.

ஆனால் இந்த வழிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. வைரஸ் கொண்டுபோகும் மரபணு, செல்லின் டிஎன்ஏவில் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. பாரிஸில் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இப்படி மரபணு சிகிச்சை தந்தபோது நோய் சரியானது. ஆனால் சில குழந்தைகளுக்கு, ஒட்டிய இடம் தவறிப்போனதால், 2002 முதல் ரத்தப் புற்றுநோய் வந்தது. அடுத்த தலைமுறையை உருவாக்கப்போகும் உறுப்பில் அப்படி ஒரு செல்லை வைக்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

இரண்டாவது குறையைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. சாக்ஸ்9ஐ வெளியிலிருந்து ஏற்றிவிட்டால், செல்லின் சொந்த ஸ்விட்சுகள் எதுவும் வேலை செய்யத் தேவையில்லை. எஸ்ஆர்ஒய் எழ வேண்டாம். அந்த 557 எழுத்துத் துண்டு இருக்க வேண்டாம். பெண் வழியை அடக்கும் போராட்டம் நடக்க வேண்டாம். மாணவனுக்கு விடையை எழுதிக் கொடுத்துவிட்டு ‘கணக்கு சரி’ என்று மார்க் போடுவதற்கு இது சமம். அவனுக்குக் கணக்கு வருமா, வராதென்றால் எந்த வரியில் தடுமாறுகிறான் என்று ஒருபோதும் தெரியாது. எக்ஸ்-ஒய் குரோமோசோமோடு பிறந்தும் விந்தகம் வளராத ஒருவரின் செல்லை எடுத்து, சாக்ஸ்9ஐத் திணித்து, அது செர்ட்டோலி ஆகிவிட்டது என்று காட்டினால், அவருடைய உடலில் எங்கே பிழை நடந்தது என்ற கேள்விக்கு நாம் பதிலே தேடவில்லை என்று அர்த்தம்.

மரபணுவைத் தொடாத வழியில் செல்லுக்கு வெளியிலிருந்து கிடைப்பது சமிக்ஞை மட்டும்தான். கருவில் அக்கம்பக்கத்துச் செல்கள் எந்தப் புரதத்தை, எந்த நாளில், எவ்வளவு நேரம் அனுப்புகின்றனவோ அதை, செல்கள் வளரும் சத்துத் திரவமான வளர்ப்பு ஊடகத்தில் கலந்து தருகிறார்கள். முடிவெடுப்பது செல்லின் சொந்த மரபணுக்கள்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தட்டில் வளரும் மனித ஸ்டெம் செல் கூட்டங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சிறுசிறு தீவுகளாக, ஒன்றோடொன்று நெருக்கி, விளிம்பு பளிச்சென்று மின்ன இருக்கும். செல்லுக்குள் பெரும்பகுதியை உட்கருவே அடைத்திருக்கும். முதல் நாள் ஊடகத்தை மாற்றி சிஎச்ஐஆர்99021 என்ற சிறு மூலக்கூறைச் சேர்க்கிறார்கள். அது செல்லுக்குள் ஒரு நொதியைத் தடுத்து, டபிள்யுஎன்டி என்ற சமிக்ஞை வந்துவிட்டதைப் போன்ற நிலையை உண்டாக்கும். ஓரிரு நாளில் தீவுகளின் விளிம்பு கலைகிறது. இறுக்கமாக இருந்த செல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டு வெளியே ஊர்ந்து பரவுகின்றன. கருவில் மூன்று அடுக்குகள் பிரியும்போது நடுவடுக்குச் செல்கள் செய்வதும் இதேதான். பார்த்துப் பழகியவர்கள், எந்தச் சோதனையும் செய்யாமல், தட்டைக் கையில் எடுத்த உடனே அன்றைய வளர்ப்பு சரியாகப் போகிறதா என்று இந்தக் கலைவை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கட்டத்தில் எஃப்ஜிஎஃப்9, பிஎம்பி போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வருகின்றன. இவை நடுவடுக்கின் ஒரு குறிப்பிட்ட பகுதியை நோக்கிச் செல்களைத் தள்ளும். இந்த இடம் சிக்கலானது. சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி, இனச்சுரப்பி மூன்றும் கருவில் அண்டை வீட்டுக்காரர்கள். சிறுநீரகத்தை ஆய்வகத்தில் வளர்ப்பவர்களும் ஏறக்குறைய இதே பாதையில்தான் தொடங்குகிறார்கள். இந்தத் துறை அவர்களிடமிருந்து கடன் வாங்கியது ஏராளம். நாள் கொஞ்சம் தப்பினால், அளவு கொஞ்சம் கூடினால், தட்டில் சிறுநீரகச் செல்கள் வந்து நிற்கும். டபிள்யூடி1 தெரிகிறது என்பதால் மகிழ்ந்துவிட முடியாது, அது சிறுநீரகத்திலும் உண்டு. காட்டா4 இதயத்திலும் உண்டு. சாக்ஸ்9 குருத்தெலும்பிலும் உண்டு. என்ஆர்5ஏ1 மட்டும் ஓரளவு நம்பிக்கை தரும். அந்த மரபணு இல்லாத எலிகளுக்கு இனச்சுரப்பியும் அட்ரினலும் இல்லாமலே போகின்றன என்று 1994லேயே தெரியும். ஆனாலும் அது அட்ரினலா இனச்சுரப்பியா என்று தனியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே, ஒற்றை அடையாளப் புரதம் பச்சையாக ஒளிர்கிற படத்தைக் காட்டி ‘செர்ட்டோலி செல் உருவாக்கிவிட்டோம்’ என்று சொல்லும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. பல அடையாளங்கள் ஒரே செல்லில் சேர்ந்து இருக்க வேண்டும். இருக்கக்கூடாதவை இல்லாமலும் இருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது டபிள்யுஎன்டியின் கதை. முதல் நாட்களில் அது இல்லாமல் நடுவடுக்கே வராது. அதே சமிக்ஞை பிறகும் தொடர்ந்தால் இனச்சுரப்பி சினைப்பைப் பக்கம் சாய்ந்துவிடும். பெண் கருவில் சினைப்பை வழியைத் தாங்கி நிற்பதே அதுதான். ஆர்-ஸ்பாண்டின்1 என்ற அதன் துணைப் புரதம் பழுதான எக்ஸ்-எக்ஸ் குடும்பத்தினரில் சினைப்பைக்குப் பதில் விந்தகத் திசு வளர்ந்திருப்பதை 2006இல் கண்டார்கள். எக்ஸ்-ஒய் எலியில் இந்தச் சமிக்ஞையை வலுக்கட்டாயமாக ஓயாமல் ஓட விட்டால் விந்தகம் சினைப்பையாகத் திரும்பிவிடுகிறது. ஆக, தொடக்கத்தில் கொடுத்ததைச் சரியான நாளில் நிறுத்தியாக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதில்தான் இந்த ஆய்வகங்களின் உழைப்பில் பெரும்பகுதி கரைகிறது. இதே டபிள்யுஎன்டி உங்கள் தம்பியின் விஷயத்திலும் தலைகாட்டும்.

கடைசிக் கட்டத்தில் எஃப்ஜிஎஃப்9, புரோஸ்டாகிளாண்டின் டி2, எஃப்எஸ்ஹெச் போன்றவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கலவை மாறும். மெல்போர்னில் ஆண்ட்ரூ சின்க்ளேர் இருக்கும் ஆய்வகம் 2020இல் இப்படி ஒரு வழிமுறையை வெளியிட்டது. 1990இல் எஸ்ஆர்ஒய் மரபணுவை அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் அதே சின்க்ளேர்தான். மரபணுவைக் கண்டுபிடித்தவர், முப்பது ஆண்டு கழித்து, அது தட்டில் தானாக வேலை செய்யுமா என்று தேடிக்கொண்டிருந்தார் என்பது இந்தத் துறை எவ்வளவு பொறுமை கேட்கிறது என்பதைச் சொல்லும்.

இப்போது, நான் சொல்லவந்ததற்கு நேரடிச் சான்றான ஓர் ஆய்வு. 2023 ஜனவரியில் நிட்சான் கோனன் தலைமையில் வெளிவந்தது. அந்த 557 எழுத்து ஸ்விட்சைக் கண்டுபிடித்த ஆய்விலும் முதல் பெயர் இவருடையதே. எக்ஸ்-ஒய் ஆணின் செல்லிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களுக்கு வெறும் சமிக்ஞைகளைக் கொடுத்தார்கள். அவை செர்ட்டோலி போன்ற செல்களாகி விந்தக மரபணுக்களை நிலையாக இயக்கின, நகர்ந்தன, குழல் வடிவங்களாகத் தாமே கூடின. ஊடகத்தில் ஏஎம்ஹெச் சுரந்தன. கருத்தரிப்பு மையங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு ஏஎம்ஹெச் என்ற பெயர் பழக்கம். பெண்களின் கருமுட்டை இருப்பைக் கணிக்க ரத்தத்தில் பார்ப்பார்களே, அதே ஹார்மோன். ஆண் கருவில் அதைச் சுரப்பது செர்ட்டோலி செல். கருப்பையாக வளரக்கூடிய நாளங்களைக் கரைத்து மறைப்பது அதன் வேலை. தாயின் வயிற்றுக்குள்ளேயே முயல்குட்டிகளின் இனச்சுரப்பியை அகற்றி, அப்படி ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும் என்று 1940களிலேயே ஊகித்தவர் பிரான்ஸின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட்.

பிறகு அதே சமிக்ஞைகளை, அதே வரிசையில், இன்னொருவரின் செல்லுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள். ஆனால் என்ஆர்5ஏ1 மரபணுவில் ஒரு மாறுபாடு இருந்ததால் பெண்ணாக வளர்ந்தவர். அவருடைய செல்களில் மரபணு இயக்கம் தடுமாறியது. குழல்கள் உருவாகவே இல்லை. அந்த ஒரு மாறுபாட்டை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் சரிசெய்ததும் செல்கள் சரியான வழிக்குத் திரும்பின. இங்கே ஒரு திருத்தம் நடந்தது உண்மை. அது சோதனையை உறுதிப்படுத்த. செல்லுக்கு வழிகாட்ட எந்த மரபணுவையும் திணிக்கவில்லை. திணித்திருந்தால் நோயாளியின் செல்லும் குழலாகக் கூடியிருக்கலாம். நமக்கு எதுவும் தெரியாமல் போயிருக்கும். ஒரு குடும்பம் வருடக்கணக்காக ‘எங்கள் பிள்ளைக்கு ஏன் இப்படி’ என்று கேட்டதற்கு ஒரு தட்டில் விடை கிடைத்தது, செல்லைத் தன் போக்கில் விட்டதால்.

‘மரபணு மாற்றம் இல்லாமல்’ என்ற சொற்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த மனிதரின் ரத்தச் செல்லையோ தோல் செல்லையோ ஸ்டெம் செல்லாகத் திருப்புவதே ஷின்யா யமனாகா 2006இல் கண்ட மரபணு வழியால்தான். இன்று அந்த மரபணுக்களை, டிஎன்ஏவில் ஒட்டாத சென்டாய் வைரஸ் மூலமோ தனித்து மிதக்கும் டிஎன்ஏ வளையம் மூலமோ கொடுக்கிறார்கள். செல் பெருகப் பெருக அவை நீர்த்து மறைந்துவிடும். 2022இல் சீனாவின் டெங் ஹோங்குய் குழு மனிதச் செல்களை ரசாயனங்களால் மட்டுமே ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டியது. ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை வெளி மரபணு எதுவும் தங்காத ஒரு பாதை இன்று சாத்தியம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஸ்டெம் செல்கள் தட்டில் மாதக்கணக்கில் வளரும்போது நாம் எதையும் செய்யாமலே மாறுதல்களைச் சேர்த்துக்கொள்ளும். 20ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பது அடிக்கடி காணப்படுவது. வேகமாகப் பெருகும் செல் மற்றவற்றை முந்தித் தட்டையே பிடித்துக்கொள்ளும். மரபணுவைத் தொடவில்லை என்பதும் மரபணு மாறவில்லை என்பதும் ஒன்றல்ல. குரோமோசோம் பரிசோதனையை அவ்வப்போது செய்யாத ஆய்வகத்தின் முடிவை நம்ப வேண்டியதில்லை.

இந்தச் செல்களால் இன்னும் முடியாதவை நிறைய. முக்கியமானது, இவை பிறக்காத குழந்தையின் செர்ட்டோலி செல்களைப் போன்றவை. விந்தணு வளர்க்கும் ஓர் ஆணுடையவை அல்ல. இயற்கையிலேயே இந்த முதிர்ச்சிக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிறந்த சில மாதங்களில் ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை உயரும். ஆனாலும் விந்தணு உற்பத்தி தொடங்குவதில்லை. காரணம், அந்த வயதில் செர்ட்டோலி செல்லில் டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஏற்பியே சரியாக வந்திருக்காது. பருவ வயதில்தான் அவை பெருகுவதை நிறுத்தி, ஏஎம்ஹெச்சைக் குறைத்து, இறுக்கமான தடுப்பைக் கட்டி, வேலைக்குத் தயாராகின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உடல் செய்வதை ஓரிரு மாதத்தில் தட்டில் செய்ய வைப்பது எப்படி என்று இன்னும் வழி பிடிபடவில்லை.

இனச்செல்லை இவற்றோடு சேர்த்து வளர்ப்பதும் தனிச் சிக்கல். எலியில் பாதை வெகுதூரம் போயிருக்கிறது. யோகோஹாமாவில் தகேஹிகோ ஒகாவாவின் குழு 2011இல் பிறந்த எலிக்குட்டியின் விந்தகத் துண்டுகளை அகர் ஜெல் மேல் வைத்து முழு விந்தணுவே எடுத்து, அதிலிருந்து எலிக்குட்டிகளும் பிறந்தன. ஆனால் அது ஸ்டெம் செல்லில் உருவாக்கிய துணைச் செல் அல்ல, எலியின் சொந்தத் திசு. மனிதரில் ஸ்டெம் செல்லிலிருந்து மூல இனச்செல் போன்றவற்றை 2015 முதல் உருவாக்குகிறார்கள். அவற்றை வளர்க்க எலிக்கருவின் விந்தகச் செல்களையே துணையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மனித இனச்செல்லுக்கு எலியின் செல் துணை நின்றால் எவ்வளவு தூரம் போக முடியும்? அந்த இடத்தில் மனிதச் செர்ட்டோலி செல்லை வைக்க வேண்டும் என்பதுதான் இந்த முயற்சிகளின் பின்னால் இருக்கும் பெரிய அவசரம்.

சிகிச்சைக்கு முன்பே கிடைக்கக்கூடிய பயன் ஒன்று, நச்சுப் பரிசோதனை. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ராப் என்ற ஊரில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆலைக்குள் மனிதர்கள் பரிசோதனைப் பொருளானார்கள். விந்தகத்தின் மனிதச் செல்கள் தட்டில் கிடைத்தால், புதிய மருந்தும் பூச்சிக்கொல்லியும் முதலில் அங்கே சோதிக்கப்படலாம். இது பத்திரிகைத் தலைப்புக்கு வராத பயன். என் கணிப்பில் முதலில் கைக்கு வரப்போவது இதுவும், மேலே சொன்ன பிறவிக் குறைபாடுகளுக்குக் காரணம் தேடுவதும்தான்.

இனி உங்கள் தம்பி. அவருடைய ரிப்போர்ட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘செர்ட்டோலி செல்கள் மட்டும்’ என்றால் துணைச் செல் அவருக்கு இருக்கிறது. எடுத்த துண்டில் இனச்செல்தான் இல்லை. ஆய்வகத்தில் உருவாக்கிய செர்ட்டோலி செல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் வளர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அதேசமயம் இருக்கும் செர்ட்டோலி செல் நல்ல நிலையில் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காரணம் தெரியாமல் விந்தணு உற்பத்தி நின்றுபோன ஆண்களின் விந்தகச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தது. அவர்களுடைய செர்ட்டோலி செல்கள் முழுதாக முதிராமல் நின்றிருந்தன. டபிள்யுஎன்டி சமிக்ஞையை ஆய்வகத்தில் தடுத்தபோது அவை முதிர்ச்சிப் பக்கம் நகர்ந்தன. கருவில் விந்தகம் அமைவதற்கு நிறுத்த வேண்டிய அதே சமிக்ஞை, வளர்ந்த ஆணிலும் நிறுத்தப்படாமல் இருந்திருக்கலாம். இது மருந்து அல்ல. மருந்து எங்கே தேட வேண்டும் என்பதற்கான ஒரு தடயம். தட்டில் செர்ட்டோலி செல்லை வளர்த்து, எது அதை முதிர விடாமல் பிடிக்கிறது என்று பார்ப்பவர்கள்தான் அந்தத் தடயத்தைப் பின்தொடர முடியும்.

‘உங்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து விந்தகத்தில் ஊசியாகப் போடுகிறோம், விந்தணு வரும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேலே படித்த பாதையை நினைத்துப் பாருங்கள்: எத்தனை நாள், எத்தனை சமிக்ஞை, எந்த நாளில் எதை நிறுத்துவது. அந்த ஊசியில் இவை எதுவும் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையாக அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே தரக்கூடாது. ஆய்வு என்று சொன்னால் பதிவு எண் கேளுங்கள். ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்கவேண்டியவை வேறு. குரோமோசோம் பரிசோதனை செய்தாயிற்றா. ஆணுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை அதில்தான் தெரியும். ஒய் குரோமோசோமின் நுண்ணிழப்புப் பரிசோதனை செய்தாயிற்றா. விந்தணு உற்பத்திக்குத் தேவையான மரபணுக்கள் அந்தக் குரோமோசோமில் ஏஇசட்எஃப்-ஏ, பி, சி என்ற பகுதிகளில் இருக்கின்றன. ஏஇசட்எஃப்-ஏ பகுதியோ ஏஇசட்எஃப்-பி பகுதியோ முழுதாக இல்லையென்றால் அறுவைச் சிகிச்சையில் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அந்த அறுவைச் சிகிச்சையே வேண்டாம். ஏஇசட்எஃப்-சி மட்டும் இழந்தவர்களில் பலருக்குக் கிடைக்கிறது, ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் அந்த இழப்பு போகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பயாப்ஸி எத்தனை இடத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். ஒரே இடத்தில் எடுத்த துண்டில் இனச்செல் இல்லை என்பதற்கு, விந்தகம் முழுவதும் இல்லை என்று பொருள் இல்லை. மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடும் மைக்ரோ-டீஸே அறுவையில், இதே ரிப்போர்ட் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, சற்றே பருத்துத் தெரிந்த ஒன்றிரண்டு குழல்களில் விந்தணு கிடைத்திருக்கிறது. அந்த அறுவையை வழக்கமாகச் செய்யும், எடுத்த உடனே விந்தணுவை உறைய வைக்கும் வசதியுள்ள இடத்தில் ஒருமுறையில் செய்துகொள்வது நல்லது. அறுவைக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் அளவைச் சில மாதங்கள் கண்காணிக்க வேண்டும். அறுவை முடியும் வரை, யார் எழுதிக் கொடுத்தாலும், டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். வெளியிலிருந்து அது வந்தால் மூளை, விந்தகத்தை இயக்கும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்ற ஹார்மோன்களை நிறுத்திவிடும்; எங்காவது ஒரு குழலில் நடந்துகொண்டிருக்கும் விந்தணு உற்பத்தியும் அதோடு நின்றுபோகும்.